லேஅவுட்ல பாதி ரோடு போட்டு நிறுத்திட்டாங்க, வடிகால் ஓட்டை ரோட்டுக்கு மேல இருக்கு, மழைக்கு முன்னாடி என்ன பண்ணலாம்?

கிழக்குபார்த்தமனை:

எல்லாருக்கும் வணக்கம். கூடுவாஞ்சேரில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு லேஅவுட், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) நம்பரும் இருக்கு, மொத்தம் 6 ஏக்கர் வரும், ரெண்டு ஃபேஸா பிரிச்சு பண்றாங்க. நாங்க ஃபேஸ் ஒண்ணுல வீடு கட்டி குடி வந்தாச்சு. எங்க தெருவுல ஒரு பத்து வீடு முடிஞ்சிருக்கும், மிச்சம் காலி மனை, அதுலயும் பாதிக்கு இப்பதான் பேஸ்மென்ட் எழும்புது.

பிரச்சனை ரோடு. ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டி, மேல ஒரே ஒரு லேயர் தார் ஜல்லி போட்டுட்டு அப்படியே நிறுத்திட்டாங்க. ஃபைனல் லேயர் எப்போன்னு கேட்டா எல்லா வீடும் வரட்டும் சார், இப்ப போட்டா மணல் லாரி ஏறி உடைஞ்சிடும்னு சைட் ஆபீஸ்ல சொல்றாங்க. சரி அது நியாயம்னே வச்சுக்குவோம். ஆனா ரெண்டு பக்கமும் செங்கல்ல கட்டின மழைநீர் வடிகாலை மட்டும் கடைசியா வரப்போற ரோடு உயரத்துக்கு கணக்கு பண்ணி முன்னாடியே கட்டி முடிச்சு ஸ்லாப் போட்டு மூடிட்டாங்க. தண்ணி உள்ள போறதுக்கு விட்ட ஓட்டையோட அடிமட்டம் இப்ப இருக்கற ரோட்டைவிட 7 செ.மீ மேல நிக்குது (ஸ்கேல் வச்சே பாத்தேன், ரெண்டு மூணு இடத்துல 9 வருது). போன வாரம் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் மழை, தண்ணி வடிகாலை ஒட்டியே தெரு நீளத்துக்கு நிக்குது, பக்கத்துல வடிகாலுக்குள்ள எட்டிப்பாத்தா காஞ்சு கிடக்கு, சிரிக்கறதா அழறதான்னே தெரியல.

இது போதாதுன்னு ஃபேஸ் ரெண்டு எங்களைவிட மேடு, அங்க புதுசா கிராவல் அடிச்சு நிரவி வச்சிருக்காங்க, அந்த செம்மண்ணு பூரா கரைஞ்சு எங்க தெருவுக்குதான் வருது. வால்வு சேம்பர் மூடி எல்லாம் ரோட்ல துருத்திட்டு நிக்குது, தண்ணி நின்னா தெரியாது, ராத்திரி பைக்ல வர்றவங்க ஏறி தடுமாறுறாங்க.

வடகிழக்கு பருவமழை வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஃபைனல் ரோடை இப்பவே போடுன்னு சண்டை போடறதா, இல்ல தற்காலிகமா வேற வழி இருக்கா? சைட் வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

மேஸ்திரிமச்சான்:

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு நாலு லோடு கிரஷர் டஸ்ட்டும் கிராவலும் இறக்கி அவங்கவங்க வீட்டு முன்னாடி அந்த 7 செ.மீயை ஏத்தி விட்ருங்க, தண்ணி தானா ஓட்டைக்குள்ள போயிடும். பில்டரை நம்பினா அடுத்த தீபாவளி வந்துரும். எங்க ஏரியால இப்படித்தான் பண்ணோம்.

---

ரிட்டயர்டு ஓவர்சீயர்:

மச்சான் சொன்னதை மட்டும் தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க. ஒரு பெருமழைக்கு அந்த டஸ்ட்டும் கிராவலும் கரைஞ்சு நேரா வடிகாலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் ஸ்லாப்பை தூக்கி மண்ணு அள்ள வேற காசு. அதோட ஒரு வீட்டு முன்னாடி ஏத்தினா தண்ணி அடுத்த வீட்டுக்கு போகும், அவர் ஏத்துவார், அதுக்கடுத்தவர் இன்னும் ஏத்துவார், கடைசியில தெருக்கோடி வீட்டுக்காரர் வாசல்ல படகு விடணும். ரோடை ஏத்தி ஏத்தியே சென்னைல எத்தனை பழைய வீடு பள்ளத்துக்கு போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், பழைய லேயரை சுரண்டி எடுத்துட்டுதான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவே போட வேண்டி வந்துச்சு.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன் தம்பி. மேல் லேயரை நிறுத்தி வைக்கறது தப்பில்ல. வீடு கட்டற இடத்துல ஜல்லி லாரி, ரெடிமிக்ஸ் லாரி, ஜேசிபி எல்லாம் ஏறும், அப்புறம் ஈபி கேபிளுக்கு ஒருத்தன் தோண்டுவான், தண்ணி கனெக்‌ஷனுக்கு இன்னொருத்தன் தோண்டுவான், தோண்டி மூடின இடம் ஒரு மழைக்காவது இறங்கி நிக்கணும், அதுக்கப்புறம் ஃபைனல் போட்டாதான் நிக்கும். அதனால இப்பவே போடுன்னு சண்டை போட்டா நீங்கதான் நஷ்டப்படுவீங்க, அவன் ஒரு மெல்லிசு கோட்டிங் இழுத்துட்டு கணக்கை முடிச்சுட்டு போயிடுவான். தப்பு எங்கன்னா, ரோடை பாதியில நிறுத்தறவன் வடிகாலையும் அந்த பாதி மட்டத்துக்கு திறந்து வைக்கணும். ரோடு இன்னைக்கு எந்த மட்டத்துல நிக்குதோ அந்த மட்டத்துல தண்ணிக்கு ஒரு வாசல் வேணும், நாளைக்கு ரோடு ஏறினா அந்த வாசலை அடைச்சுட்டு மேல் வாசலை திறக்கணும். டிராயிங்ல இது இருக்காது, டிராயிங்ல கடைசி மட்டம் மட்டும்தான் போட்டிருப்பாங்க, நடுவுல ரெண்டு மூணு மழைக்காலம் போகும்ங்கறதை யாரும் வரையறதில்ல.

உங்க வடிகால் செங்கல் கட்டுன்னு சொல்றீங்க. 7 செ.மீன்னா கிட்டத்தட்ட ஒரு செங்கல் வரிசை. இப்ப இருக்கற ஓட்டைக்கு நேர் கீழ ஒரு வரிசையில ஒவ்வொரு செங்கல்லா உருவி எடுத்தா போதும், ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். சம்மட்டியால அடிக்க விடாதீங்க, மேல ஸ்லாப் உக்காந்திருக்கு, உளியும் சின்ன சுத்தியலும் போதும், பக்கத்து பக்கத்து செங்கல்லை எடுக்காம இடைவெளி விட்டு எடுக்கணும். எடுத்த ஓட்டை ஓரத்தை கலவை வச்சு பூசி, அடிப்பக்கம் வடிகாலுக்குள்ள வாட்டமா சரிச்சு விடுங்க. 4 இன்ச் பைப்பு துண்டு சொருகி விடலாம்னு சிலர் சொல்வாங்க, அதைவிட இந்த அகல ஓட்டை மேல், ஏன்னா ரோட்ல ஓடற தண்ணி ரெண்டு மூணு செ.மீ ஆழம்தான் இருக்கும், வட்ட ஓட்டையில அந்த ஆழத்துக்கு கொஞ்சமாதான் உள்ள போகும். எல்லா ஓட்டைக்கும் சமமா பண்ணணும்னு இல்ல, தண்ணி எங்க நின்னுச்சோ அங்க நெருக்கி எடுங்க, போன மழைக்கு நின்ன கறை சுவத்துலயே இருக்கும்.

அந்த 7 செ.மீ பத்தி இன்னொரு விஷயம். மேல போடறது வெறும் 25 இல்ல 30 மிமீ லேயருன்னா ஃபைனல் போட்ட பிறகும் ஓட்டை 4 செ.மீ உசரத்துலதான் நிக்கும், தண்ணி என்னைக்குமே போகாது. ஒண்ணு இன்னும் ரெண்டு லேயர் பாக்கி இருக்கணும், இல்லன்னா அடியில எங்கயோ கனத்தை குறைச்சுட்டாங்க. அப்ரூவல்ல காட்டின ரோடு குறுக்குவெட்டு படம் கேட்டு வாங்குங்க, ஜிஎஸ்பி (அடியில போடற ஜல்லிக் கலவை) எவ்வளவு, டபிள்யூஎம்எம் (அதுக்கு மேல ஈரமா கலந்து போடற ஜல்லி) எவ்வளவு, தார் எத்தனை லேயர்னு அதுல இருக்கும். ஈபிக்காரன் எங்கயாவது தோண்டின குழி இருந்தா அதோட பக்கச் சுவத்துலயே லேயர் லேயரா தெரியும், டேப் வச்சு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

அப்புறம் இப்ப போட்டிருக்கற தார் லேயர் எந்த ரகம்னு பாருங்க. ஒரு பக்கெட் தண்ணியை மெதுவா ஊத்துங்க. தண்ணி மேலயே நின்னு வழிஞ்சா பரவால்ல. ஊத்த ஊத்த உள்ள இறங்கிட்டா அது பிட்டுமினஸ் மெக்கடம், பிஎம்னு சொல்லுவாங்க, உள்ள ஓட்டை ஓட்டையா இருக்கற கலவை, அதை திறந்து போடவே கூடாது. சாலை அமைச்சக ஸ்பெசிஃபிகேஷன்லயே பிஎம் போட்டா 48 மணி நேரத்துக்குள்ள அடுத்த லேயர் போட்டு மூடணும், தாமதம் ஆகும்னா சீல் கோட், அதாவது தண்ணி இறங்காம மேல மூடற மெல்லிசு தார் பூச்சு, அடிக்கணும்னு இருக்கு. மாசக்கணக்குல திறந்து கிடந்தா தண்ணி அது வழியா அடி ஜல்லிக்கு இறங்கும், நம்ம பக்கம் அடியில களிமண்ணு வேற, மேல லாரி ஏறும்போது சேறு பொங்கி வரும், அப்புறம் ஃபைனல் லேயர் என்ன தரமா போட்டாலும் குழி விழும். சீல் கோட் கேளுங்க. ஃபைனல் ரோட்டை கேட்டா மழுப்புவான், சீல் கோட் செலவு கம்மி, கேட்டா கிடைக்கும்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கேள்வி, இதை ஏன் நீங்க சொல்லலன்னு தெரியல. அந்த வடிகாலோட வால் எங்க போய் முடியுது?

---

கிழக்குபார்த்தமனை:

சார் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. பக்கெட் டெஸ்ட் இப்பவே பண்ணிட்டு வந்தேன், தண்ணி உறிஞ்சிடுச்சு சார், கீழ போனதே தெரியல.

வடிகால் வால்னு கேட்டீங்க. பார்க்குக்கு விட்ட இடத்தோட மூலை வரைக்கும் வருது, அங்க ஒரு குழி மாதிரி வெட்டி விட்டிருக்காங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஃபேஸ் ரெண்டு நிலம். ஃபேஸ் ரெண்டுல வடிகால் போட்டு அதை தாண்டி இருக்கற ஓடையில சேர்ப்போம்னு சொல்றாங்க, அங்க இன்னும் வடிகால் வேலையே ஆரம்பிக்கல. ஓடை மேற்கால இருக்கு, ஒரு 150 மீட்டர் இருக்கும்.

அப்போ இந்த செங்கல்லை உருவினா தண்ணி எங்க போகும்?

---

ரிட்டயர்டு ஓவர்சீயர்:

அதான் பயந்தேன். வடிகால் வேலை எப்பவும் வால்ல இருந்து தலைக்கு வரணும், ஓடையில ஆரம்பிச்சு மேல ஏறி வரணும். மனை விக்கறவங்க தலையில ஆரம்பிப்பாங்க, ஏன்னா முன்னாடி இருக்கற தெருவுதான் வாங்க வர்றவங்க கண்ணுக்கு தெரியும்.

கணக்கு போட்டு பாருங்க. ஒரு ஏக்கர்ல 10 செ.மீ மழை பெஞ்சா 4 லட்சம் லிட்டர் தண்ணி. உங்க ஃபேஸ் மட்டும் 3 ஏக்கர்னா 12 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி நூறு. அதுல பாதி மண்ணுக்குள்ள போச்சுன்னே வச்சாலும் மிச்சம் அம்பது லாரி தண்ணி அந்த பார்க் மூலை குழிக்கு வரும். நம்ம ஊர்ல நவம்பர்ல ஒரே நாள்ல 10 செ.மீங்கறது அதிசயமே இல்ல. குழி ரொம்பினதும் வடிகால் ரொம்பும், நீங்க உருவின ஓட்டை வழியாவே தண்ணி திரும்ப தெருவுக்கு வரும். அதனால செங்கல்லை உருவறது ரெண்டாவது வேலை. முதல் வேலை அந்தக் குழியில இருந்து ஓடை வரைக்கும் ஒரு திறந்த மண் வாய்க்கால், ஜேசிபி வச்சு வெட்டணும். ஃபேஸ் ரெண்டுல ரோடு வரப்போற பாதையிலயே வெட்டலாம், மனைக்குள்ள போக வேண்டாம், அப்பதான் ஓனரும் ஒத்துக்குவார், பின்னாடி அதே பள்ளத்துல வடிகாலும் கட்டிக்கலாம்.

வெட்டறதுக்கு முன்னாடி லெவல் எடுக்கணும், இதை கண்ணால பாத்து பண்ணக்கூடாது. ஆட்டோ லெவல் (மட்டம் அளக்கற கருவி) வச்சிருக்கற சர்வேயர் ஒருத்தரை கூப்பிட்டா ஒரு காலைலயே முடிச்சுடுவார். வடிகால் வாலோட அடிமட்டம், ஓடையோட படுகை மட்டம், அப்புறம் மழைக்காலத்துல ஓடையில தண்ணி எதுவரைக்கும் ஏறும்ங்கற மட்டம், இந்த மூணும் வேணும். மூணாவதை அந்த ஊர்ல ஆடு மாடு மேய்க்கறவங்ககிட்ட கேளுங்க, 2015 டிசம்பர்லயும் 2023ல மிக்ஜாம் வந்தப்பயும் தண்ணி எங்க நின்னுச்சுன்னு கையைக் காட்டி சொல்வாங்க. நூறு மீட்டருக்கு 30 செ.மீயாவது வாட்டம் கிடைக்கணும், உங்க 150 மீட்டருக்கு 45 செ.மீ. நீங்க வேற ஃபேஸ் ரெண்டு மேடுன்னு சொல்றீங்க, நடுவுல வெட்டு ஆழமா போகும், ரெண்டு கரையையும் செங்குத்தா விடாம சரிவா வெட்ட சொல்லுங்க, இல்லன்னா முதல் மழைக்கே சரிஞ்சு அடைக்கும். ஆழமான இடத்துல குழந்தைங்க விழாம மூங்கில் கட்டி துணி கட்டணும்.

லேஅவுட் அப்ரூவலுக்கு நீர்வளத் துறையில (முன்னாடி பொதுப்பணித் துறைக்குள்ள இருந்துச்சு) வெள்ளத் தடையின்மை சான்று வாங்கியிருந்தா அதுல மனையை எந்த மட்டத்துக்கு ஏத்தணும், தண்ணியை எங்க விடணும்னு நிபந்தனை போட்டிருப்பாங்க. அந்த காகிதம் கையில இருந்தா ஓனர்கிட்ட பேசறதுக்கு தனி பலம்.

---

துவாஸ் மாரி:

மண்ணு விஷயத்துக்கு நான் சொல்றேன், ஓவர்சீயர் ஐயா தண்ணியை பாத்துக்கிட்டார். நான் பதினோரு வருஷமா சிங்கப்பூர்ல சைட் சூப்பர்வைசர், ஊரு பட்டுக்கோட்டை பக்கம். இங்க எந்த சைட்டா இருந்தாலும் மண்ணை தோண்டறதுக்கு முன்னாடியே ஈசிஎம்னு ஒரு ஏற்பாடு பண்ணணும், மண் கரைஞ்சு வெளிய போகாம தடுக்கற வேலை, அதுக்குன்னு தனியா தகுதி உள்ள ஆள் கையெழுத்து போட்ட பிளான் வேணும். சைட்ல இருந்து பொது வடிகாலுக்கு போற தண்ணில ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல மண்ணு இருக்கக்கூடாது, தண்ணி வெளிய போற இடத்துல கேமராவே வச்சிருப்பாங்க, டீ கலர்ல தண்ணி போச்சுன்னா ஃபைன். நம்ம ஊர்ல அந்த அளவுக்கு யாரும் கேக்க மாட்டாங்கன்னாலும் அதுல பாதி வேலை செலவே இல்லாத வேலைதான்.

உங்க கேஸ்ல ஃபேஸ் ரெண்டுக்கும் உங்க தெருவுக்கும் நடுவுல எல்லைக்கோடு இருக்குல்ல, அங்கயே மேட்டுப்பக்கம் ஒரு சின்ன பள்ளம் நீளவாக்குல வெட்டி, வெட்டின மண்ணை உங்க பக்கமா கரை போட்டு தட்டி விடுங்க. மேட்டுல இருந்து வர்ற சேத்து தண்ணி உங்க தெருவுக்குள்ள வராம அந்த பள்ளத்தோட ஓடி ஒரு மூலைக்கு போகும். அந்த மூலையில ஒரு குழி, ஒரு ஆள் ஆழம் வேண்டாம், இடுப்பளவு போதும், அகலமா இருக்கணும். தண்ணி அதுல நின்னு மண்ணு அடில தங்கி மேல் தண்ணி மட்டும் ஐயா சொன்ன வாய்க்காலுக்கு வழியணும். ஒவ்வொரு பெருமழைக்கு அப்புறமும் அந்த குழியை தூர் வாரணும், அங்கதான் நம்மாளுங்க கோட்டை விடுவாங்க, குழி ரொம்பிட்டா அதுக்கப்புறம் குழி இருந்தும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். கிராவல் நிரவி விட்ட மேட்டோட சரிவு மேல பழைய தார்பாயை விரிச்சு மூட்டை வச்சு அமுக்கிட்டா கரையறதே முக்கால்வாசி குறைஞ்சிடும்.

உங்க தெருவுல புதுசா திறக்கற ஓட்டைங்க முன்னாடி மணல் மூட்டை வைங்க, ஆனா ஓட்டையை ஒட்டி அடைச்சு வச்சிராதீங்க. ஒரு அடி தள்ளி அரைவட்டமா ரெண்டு மூட்டை உசரம் இல்லாம ஒரே மூட்டை உசரம், தண்ணி அதை தாண்டி வழிஞ்சு உள்ள போகணும், மண்ணு வெளியவே நிக்கணும். கம்பி வலை கட்டலாமான்னு யோசிப்பீங்க, கட்டுங்க, ஆனா மழை பெய்யறப்ப யாராவது ஒருத்தர் குடையோட போய் பாலிதீன் கவரை எடுத்து விடணும், இல்லன்னா வலையே அணையாயிடும்.

இன்னொண்ணு முக்கியம். பேஸ்மென்ட் போடறாங்கன்னு சொன்னீங்க. கலவை மிஷினை கழுவற தண்ணியை வடிகாலுக்குள்ள விடறாங்களான்னு பாருங்க. சிமெண்ட் பால் உள்ள போய் அடியில கல்லா இறுகிடும், அதை யாராலயும் எடுக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். எம்சாண்ட் குவியலை ரோட்டு ஓரத்துல வடிகாலை ஒட்டி கொட்றதும் அதே கதைதான். கொட்டறதை மனைக்குள்ள கொட்டச் சொல்லுங்க, கோவிச்சுக்குவாங்க, பரவால்ல.

---

சரவணம்பட்டி அக்கா:

நானும் ஒரு லேஅவுட்ல இதே கூத்தை பாத்தவ, அதனால பேப்பர் வேலையை மட்டும் சொல்றேனுங்க.

பில்டர்கிட்ட போனா ரோடு எல்லாம் பஞ்சாயத்துக்கு தானப்பத்திரம் எழுதி கொடுத்தாச்சு, அங்க போய் கேளுங்கம்பாங்க. பஞ்சாயத்துல கேட்டா வேலையே முடியல, முடிச்சு கொடுத்தாத்தான் நாங்க பாப்போம்பாங்க. ரெண்டு பேரு சொல்றதும் அவங்கவங்க அளவுல உண்மைதானுங்க, தமிழ்நாட்டுல ஃபைனல் அப்ரூவலுக்கு முன்னாடியே ரோட்டையும் பார்க் இடத்தையும் உள்ளாட்சிக்கு எழுதி கொடுக்கணும். அதுக்காக பில்டரோட பொறுப்பு போயிடாதுங்க. ரெரா சட்டம் 2016ல 14வது பிரிவுல 3வது உட்பிரிவு பாருங்க, கட்டுமானக் குறை, வேலைத்தரக் குறை, வசதி செஞ்சு கொடுக்கறதுல குறை, எதுவா இருந்தாலும் பொசெஷன் கொடுத்த நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள நாம சொன்னா 30 நாளைக்குள்ள காசு வாங்காம சரி பண்ணி தரணும். மனைப்பிரிவுக்கும் ரெரா உண்டு, வீடு கட்டி விக்கறவங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க.

அதனால வாய்ல பேசறதை நிறுத்திட்டு இன்னைக்கே எழுத்துல கொடுங்க. மெயில் அனுப்புங்க, கூடவே ஸ்பீட் போஸ்ட்டும் போடுங்க. கோபமா எழுத வேண்டாம், எந்த தெரு, எந்த மனை நம்பர்ல இருந்து எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு, ஓட்டை எவ்வளவு உசரம், வால் எங்க முடியுது, இதை போட்டோவோட எழுதுங்க. அந்த 30 நாள் கணக்கு நீங்க எழுதின தேதியில இருந்துதான் ஓடும். அவங்க அசையலைன்னா ரெரா சைட்ல ஃபார்ம் எம் போட்டு ஆணையத்துக்கு போகலாம், நஷ்ட ஈடு வேணும்னா அது ஃபார்ம் என், அது தனி. ஆனா நான் சொல்றேன், மழைக்கு முன்னாடி தீர்ப்பு வந்துடும்னு எதிர்பாக்காதீங்க, கேஸ் ஒரு பக்கம் போகட்டும், வாய்க்கால் ஒரு பக்கம் வெட்டியாகணும்.

ரெரா சைட்ல உங்க புராஜெக்ட் பக்கத்தை திறந்து மூணு மாசத்துக்கு ஒருக்க அவங்க போடற வேலை நிலவரத்தையும் பாருங்க. ரோடு, மழைநீர் வடிகால் எல்லாம் எத்தனை சதவீதம் முடிஞ்சதுன்னு போட்டிருப்பாங்க. எங்களுதுல வடிகால் முடிஞ்சதுன்னு போட்டிருந்துச்சு, வால் பக்கம் செடி முளைச்சு கிடந்துச்சு. அந்த பக்கத்தை பிரிண்ட் எடுத்து கூட வச்சு கொடுத்தோம், அதுக்கப்புறம்தான் ஆளு இறங்கி வந்தாங்க.

வடிகால் சுவத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி பஞ்சாயத்துக்கும் ஒரு லெட்டர் கொடுத்து முத்திரை போட்ட நகலை வாங்கி வச்சுக்கோங்க. பொதுச்சொத்தை உடைச்சாங்கன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாதுல்லங்க. தனித்தனியா போகாம சங்கமா போங்க, சங்கம் இல்லன்னா பத்து வீடும் கையெழுத்து போட்டாலே போதும்.

---

மேஸ்திரிமச்சான்:

ஓவர்சீயர் சார் சொன்னது புரியுது, கிராவல் மேட்டரை விட்ருங்க. ஆனா ஒண்ணு, 150 மீட்டர் ஜேசிபி வேலைக்கு பில்டர் காசு போடலன்னா யாரு போடறது? ஓடையில வாய்க்காலை கொண்டு போய் விட்டா ஓடைக்கு கீழ நிலம் வச்சிருக்கறவங்க சும்மா இருப்பாங்களா?

---

ரிட்டயர்டு ஓவர்சீயர்:

நல்ல கேள்வி. ஓடை புறம்போக்கா இருந்தா அது பொது, மழைத்தண்ணி ஏற்கனவே அந்தப் பக்கம்தான் போய்ட்டிருந்துச்சு, லேஅவுட் வந்துதான் அதை மறிச்சுது. கிராம வரைபடமும் எஃப்எம்பியும் (நில அளவைப் புத்தகம்) எடுத்து பாருங்க, ஃபேஸ் ரெண்டு நிலத்துக்குள்ளயே பழைய வாய்க்கால் ஒண்ணு ஓடியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படி இருந்தா அதை மூட அவங்களுக்கே உரிமை இல்ல. ஆனா செப்டிக் டேங்க் தண்ணியை யாரும் இந்த வடிகால்ல விட்டுடக்கூடாது, அப்ப கீழ இருக்கறவங்க சண்டைக்கு வர்றது நியாயம். சாக்கடை போகாம மழைத்தண்ணி மட்டும் போகுதுன்னு காட்டினா பாதி எதிர்ப்பு இருக்காது.

காசு விஷயம், ஜேசிபி மணிக்கணக்குதானே, ஃபேஸ் ரெண்டுல ஏற்கனவே ஜேசிபி நிக்குது. ஓனர்கிட்ட புகாரா பேசாம, ஃபேஸ் ரெண்டுல நீங்க வச்ச கிராவல் பூரா எங்க தெருவுல கிடக்கு, அது உங்க காசுன்னு சொல்லிப் பாருங்க.

---

கிழக்குபார்த்தமனை:

அப்டேட் குடுக்கறேன். அக்கா சொன்ன மாதிரி பத்து வீடும் கையெழுத்து போட்டு மெயிலும் போஸ்ட்டும் அனுப்பினோம், பஞ்சாயத்துலயும் லெட்டர் கொடுத்து நகல் வாங்கிட்டோம். சைட் இன்ஜினியர் மறுநாளே போன் பண்ணார். குறுக்குவெட்டு படம் கேட்டதும் கொஞ்சம் தடுமாறினார், இன்னும் 50 மிமீ ஒரு லேயர், மேல 25 ஒரு லேயர் இருக்குன்னு வாட்ஸ்அப்ல எழுதியே அனுப்பிட்டார், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சாச்சு. அப்ப 7 செ.மீ கணக்கு சரியாதான் வருது, 9 வர்ற இடம் மட்டும் உதைக்குது.

வாய்க்கால் வெட்ட ஒத்துக்கிட்டாங்க, லெவல் எடுக்க சனிக்கிழமை ஆள் வர்றார். சீல் கோட்டுக்கு மட்டும் பாக்கலாம் பாக்கலாம்னு இழுக்கறாங்க. வால்வு சேம்பர் மூடியை சுத்தி தார் கலவை வச்சு சரிவு பண்ணித்தரேன்னு சொல்லியிருக்காங்க.

எனக்கு இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு அந்த 9 செ.மீ இடம். ரெண்டாவது, எங்க எல்லார் வீட்டு கார் ராம்ப்பும் வடிகாலை தாண்டி ரோட்டு வரைக்கும் சிமெண்ட்ல இறங்குது, ரோட்டு ஓரமா ஓடற தண்ணியை ஒவ்வொரு ராம்ப்பும் மறிக்குது. உடைச்சுத்தான் ஆகணுமா?

---

ரிட்டயர்டு ஓவர்சீயர்:

9 வர்ற இடத்துல ரோடு இறங்கியிருக்கும். தெருவுக்கு குறுக்கால ஒரு பக்க வடிகால் ஸ்லாப்ல இருந்து எதிர்ப்பக்க ஸ்லாப் வரைக்கும் நூலை இழுத்து கட்டி, நடுவுலயும் ரெண்டு ஓரத்துலயும் நூல்ல இருந்து ரோடு எவ்வளவு கீழன்னு அளங்க. தார் அகலம் 18 அடின்னா நடு முதுகு ஓரத்தைவிட கிட்டத்தட்ட 7 செ.மீ தூக்கி இருக்கணும், ரெண்டரை சதவீதம் வாட்டம்னு கணக்கு. 9 வர்ற இடத்துல ஓரம் மட்டும் இறங்கியிருந்தா வடிகாலுக்கு தோண்டின பள்ளத்தை சரியா கெட்டிக்காம மூடியிருக்காங்க. அதை ஃபைனல் லேயர்ல நிரப்பி சமாளிக்க விடாதீங்க, தோண்டி திரும்ப ஜல்லி போட்டு இறுக்கச் சொல்லணும். முதுகே இல்லாம தட்டையா இருந்தாலும் எழுதி வச்சுக்கோங்க, அடுத்த லேயர்லதான் அதை சரி பண்ண முடியும், கடைசி 25 மிமீல முடியாது.

தோண்டும்போது வடிகால் சுவத்துல அடி ஜல்லி மட்டத்துல சின்ன சின்ன கசிவு ஓட்டை விட்டிருக்காங்களான்னும் பாருங்க. ஜிஎஸ்பி லேயரே உள்ள இறங்கற தண்ணி பக்கவாட்டுல வடியறதுக்குத்தான். ரெண்டு பக்கமும் ஓட்டையில்லாத சுவரு கட்டி அடைச்சா அந்த தண்ணி அங்கயே நின்னு ரோட்டை அடியில இருந்து கெடுக்கும். இல்லன்னா செங்கல் உருவற கொத்தனாரை வச்சே அதையும் போட்டு முடிச்சிடுங்க.

ராம்ப் முழுசா உடைக்க வேண்டாம். வடிகால் ஸ்லாப்போட வெளி விளிம்புல நிறுத்தி, அதுக்கு மேல ரோட்டுப் பக்கம் நீட்டியிருக்கறதை மட்டும் கட்டிங் மிஷின் வச்சு அறுத்து எடுங்க. அந்த இடைவெளிக்கு கழட்டி மாட்டற இரும்பு பிளேட்டு போட்டுக்கலாம், அடில தண்ணி ஓடும், ரோடு ஏறின பிறகு பிளேட்டே தேவைப்படாது. இப்ப பேஸ்மென்ட் போடற வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அவங்க ராம்ப் மட்டம் ஃபைனல் ரோட்டுக்குத்தான் இருக்கணும், இன்னைக்கு ரோட்டுக்கு இல்ல.

சனிக்கிழமை லெவல்காரர் வரும்போது நீங்களும் கூடவே நில்லுங்க. ஓடை, வடிகால் வால், பார்க் மூலை, உங்க தெருக்கோடி கடைசி ஓட்டை, இந்த நாலு ரீடிங்கையும் ஒரு நிரந்தரமான இடத்தை வச்சு எடுக்கச் சொல்லுங்க, டிரான்ஸ்பார்மர் மேடை மாதிரி யாரும் அசைக்காத இடம். ஃபேஸ் ரெண்டு வடிகால் கட்டும்போது அதே இடத்துல இருந்து திரும்ப அளந்து பாக்கலாம். ரீடிங் வந்ததும் இங்க போடுங்க தம்பி, வாட்டம் கிடைக்குதான்னு பாத்து சொல்றேன்.

---

துவாஸ் மாரி:

சீல் கோட்டை விடாதீங்க ப்ரோ, இழுத்தாங்கன்னா அந்த பக்கெட் டெஸ்ட்டை வீடியோ எடுத்து அனுப்புங்க. மழைக்கு முன்னாடி ரோடு நல்லா காஞ்சிருக்கறப்பவே அடிக்கணும், ஈரத்து மேல தார் ஒட்டாது. அடிக்கறதுக்கு முன்னாடி அந்த செம்மண்ணை பூரா கூட்டி ஏர் கம்ப்ரஸர் வச்சு ஊதி எடுக்கச் சொல்லுங்க, தண்ணி அடிச்சு வடிகாலுக்குள்ள தள்ளி விட்றப் போறாங்க.